ஆஸ்திரேலியப் பாம்புகள் முட்டையிடுமா, குட்டி போடுமா?

நண்பர் கேட்டிருப்பது இது. சிட்னியின் மேற்குப் புறநகரில், ஓடையை ஒட்டிய வீடு. பிப்ரவரிக் கடைசியில் கொல்லைக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த தகரத்தைப் புரட்டியிருக்கிறார். பளபளப்பான ஒரு கரும்பாம்பு நழுவி ஓடியது. அது கிடந்த இடத்தில், ஈரம்கூடக் காயாத பத்துப் பன்னிரண்டு குட்டிகள் நெளிந்தன. முட்டைத் தோல் எதுவும் கண்ணில் படவில்லை. “பாம்பு முட்டைதானே இடும்? ஆஸ்திரேலியாவில் மட்டும் குட்டி போடுமா? குட்டி போடும் பாம்பு வயிறு வெடித்துச் செத்துவிடும் என்று என் பாட்டி சொல்வார், அது உண்மையா? இல்லை, குட்டிகளைத் தேடி அது திரும்பி வருமா? போன அக்டோபரில் இதே ஓடைக்கரையில் இரண்டு கரும்பாம்புகள் பின்னிப் பிணைந்து கிடந்ததைப் பார்த்தேன், அந்தச் சோடிதானா இது? வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள்.” இத்தனை கேள்விகளுக்குள் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயங்கள். ஒரே நாட்டில் சில பாம்புகள் முட்டையிடுவதும் சில குட்டி போடுவதும் எதனால்? அந்தக் கொல்லையில் இனி என்ன எதிர்பார்க்க வேண்டும்?

நான் விலங்கியல் படித்தவன். பதினான்கு ஆண்டுகளாக நியூ சவுத் வேல்ஸில் உரிமம் பெற்று, வீடுகளுக்குள் வந்துவிடும் பாம்புகளைப் பிடித்து அருகிலுள்ள காட்டில் விட்டுவருகிறேன். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஆராய்பவன் இல்லை. ஆகவே கையால் தொட்டு அறிந்ததையும், ஆய்வாளர்கள் எழுதிப் படித்ததையும் தனித்தனியாகவே சொல்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படம் இல்லாமல் ஒரு பாம்பின் இனத்தை அடித்துச் சொல்வது தவறு. நீங்கள் சொல்லும் பளபளப்பு, ஓடைக்கரை, பிப்ரவரி மாதம், பத்துக்கு மேற்பட்ட குட்டிகள் எல்லாம் சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பையே காட்டுகின்றன. ஆனால் அதே பகுதியில் சிறுகண் பாம்பு என்று ஒன்று உண்டு. அதுவும் பளபளக்கும் கருப்பு, அதுவும் குட்டி போடும். உருவத்தில் சிறியது, பெரும்பாலும் அரை மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஓர் ஈற்றில் எட்டுக்கு மேல் போடுவது அரிது. குட்டிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன்.

பாம்பு குட்டி போடுவது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரிய விந்தை இல்லை. நம் ஊர்க் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குட்டிதான் போடும். மண்ணுளிப் பாம்பும் அப்படியே. வயிறு வெடிப்பது என்பது எந்தப் பாம்புக்கும் இல்லை. குட்டிகள் வழக்கமான கழிவாய்த் துளை வழியாகத்தான் வெளியே வருகின்றன. தாய் சில நாள் சோர்ந்து கிடந்துவிட்டு இரை தேடப் போய்விடும். ஈன்ற பாம்பின் தோல் தொளதொளத்து, இரு விலாவிலும் மடிப்பு விழுந்து கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயிறு கிழிந்தது என்ற பேச்சு அந்தத் தோற்றத்தைப் பார்த்தவர்கள் சொல்லி வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

ஆஸ்திரேலியாவில் வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே விரியன் குடும்பமே கிடையாது. ஆபத்தான பாம்புகள் அத்தனையும் நாகமும் கட்டுவிரியனும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவை (பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் விரியன் குடும்பம் இல்லை). இந்தக் குடும்பம் மற்ற கண்டங்களில் ஏறக்குறைய முழுவதும் முட்டையிடுவது. நாகம், கட்டுவிரியன், ஆப்பிரிக்காவின் மாம்பா எல்லாம் அப்படித்தான். ஆஸ்திரேலியாவுக்குள் வந்த கிளை மட்டும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பழுப்புப் பாம்புகளும் டைபான்களும் முட்டையிடுகின்றன. புலிப்பாம்பு, செம்புத்தலைப் பாம்பு, டெத் அடர், உங்கள் வீட்டுக் கரும்பாம்பு ஆகியவை குட்டி போடுகின்றன. மலைப்பாம்புகள் வேறு குடும்பம். அவை ஒன்று விடாமல் முட்டையிடுபவை.

“குட்டி போடுகிறது” என்பதை நாய், பூனை போல நினைத்துக்கொள்ளக் கூடாது. கருவுக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதி மஞ்சள்கருவில் முன்கூட்டியே சேமித்து வைக்கப்பட்டுவிடுகிறது. கெட்டியான முட்டைத் தோல் உருவாவதற்குப் பதிலாக மெல்லிய சவ்வுதான் உருவாகிறது. அந்தச் சவ்வு தாயின் கருக்குழாய்ச் சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் வழியாக நீரும் உயிர்வளியும் சிறிதளவு சத்தும் போய்ச் சேரும். மிக எளிய நஞ்சுக்கொடி என்று சொல்லலாம். சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பின் சூல்காலம் மூன்று மாதத்தைச் சற்றுத் தாண்டும். பிப்ரவரி, மார்ச்சில், ஒவ்வொரு குட்டியும் தனித்தனிச் சவ்வுப்பைக்குள் வெளியே வரும். சில நிமிடங்களில் பையை முட்டிக் கிழித்துக்கொண்டு தலை நீட்டும். நீளம் 20 சென்டிமீட்டர் அளவுதான். நீங்கள் பார்த்த ஈரம் அந்தப் பைகளின் நீர். பை காய்ந்தால் வெங்காயத் தோலை விட மெல்லியதாகச் சுருண்டு மண்ணோடு மண்ணாகிவிடும், அதனால்தான் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

சரி, எதற்காக இந்த ஏற்பாடு? விடை பெரும்பாலும் சூட்டில் இருக்கிறது. பாம்பின் கரு வளர வெதுவெதுப்பு வேண்டும். முட்டையை மண்ணில் வைத்துவிட்டுப் போனால், மண் என்ன சூட்டில் இருக்கிறதோ அதுதான் கருவுக்குக் கிடைக்கும். கோடை குட்டையாகவும் மண் குளிர்ச்சியாகவும் உள்ள இடத்தில் முட்டை பொரிக்கும் முன்பே குளிர்காலம் வந்துவிடும். முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் தாயோ வெயில் விழும் இடமெல்லாம் தேடிப் போய்ப் படுக்கலாம். காலையில் கிழக்குச் சரிவு, மாலையில் மேற்குச் சரிவு, இரவில் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் பாறையின் அடி என்று கருவைச் சுமந்துகொண்டே திரியலாம். உங்கள் தகரத்தின் அடி அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். சூல்கொண்ட கரும்பாம்புகள் கடைசி வாரங்களில் ஒரே இடத்தில் பல சேர்ந்து தங்குவதும் உண்டு. நல்ல வெயிலும் நல்ல மறைவும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அரிது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம்.

இதற்கு மிக அழகான சான்று டாஸ்மேனியா. கண்டத்தின் தெற்கே, குளிர்ந்த அந்தத் தீவில் தரைப்பாம்புகள் மூன்றே இனம்: புலிப்பாம்பு, தாழ்நிலச் செம்புத்தலை, வெள்ளுதட்டுப் பாம்பு. மூன்றும் குட்டி போடுபவை. முட்டையிடும் பாம்பு ஒன்றுகூட அங்கே இல்லை. இன்னொரு சான்று உங்கள் கரும்பாம்பின் சொந்தக்காரர்களிடமே இருக்கிறது. அதன் பேரினத்தில் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியிருக்கும் முல்கா பாம்பு உட்பட மற்ற உறவினர்கள் எல்லாரும் முட்டையிடுகிறார்கள். பெரும்பாலும் குளிர்ந்த, ஈரமான தென்கிழக்கில் வாழும் சிவப்பு வயிறு மட்டும் குட்டி போடுகிறது. ஒரு குடும்பத்தில் ஒருத்தி மட்டும் மலைப்பிரதேசத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அந்த ஊர்ப் பழக்கத்துக்கு மாறிக்கொண்டது போன்றது இது. பல்லி, பாம்பு வகையில் முட்டையிலிருந்து குட்டி போடும் முறைக்கு மாறியது ஒருமுறை நடந்த அதிசயம் இல்லை. உலகம் முழுவதும் தனித்தனியாக நூறு முறைக்கு மேல் நடந்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது உறுதியான தரையில் நிற்கிறது. இனி வருவது இன்னும் விவாதத்தில் இருப்பது. குளிர்தான் காரணம் என்றால், வெந்து தணியும் வடக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் டெத் அடர்கள் ஏன் குட்டி போடுகின்றன? இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது, முன்னோர்கள் குளிர்ந்த காலத்தில், குளிர்ந்த இடத்தில் மாறிவிட்டார்கள். வழிவந்தவை சூடான நாட்டுக்குப் பரவிய பிறகும் பழைய முறைக்குத் திரும்பவில்லை. இரண்டாவது, சிட்னி பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய ரிக் ஷைன் முன்வைத்தது. தாயின் உடல் தருவது கூடுதல் சூடு மட்டும் அன்று, ஏற்ற இறக்கம் குறைந்த நிலையான சூடு. அப்படிப்பட்ட சூட்டில் வளர்ந்த குட்டி இன்னும் திடமாகப் பிறக்கும், ஆகவே வெப்ப நாட்டிலும் அது ஆதாயமே என்பது அவர் கருத்து. இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது நிரூபணம் ஆகாது.

இந்த மாற்றத்தின் விளைவு ஒன்று தமிழ்நாட்டுக் கரைவரை வந்திருக்கிறது. குட்டி போடும் ஆஸ்திரேலியத் தரைப்பாம்புகளின் கிளையிலிருந்து, சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம் கடலுக்குள் இறங்கியது. முட்டையிட வேண்டிய தேவை இல்லாததால் கரைக்குத் திரும்ப வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. நீரிலேயே குட்டி போட்டு, நீரிலேயே வளர்ந்து, இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் எங்கும் பரவியது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மீனவர்களின் வலையில் சிக்கும் கடற்பாம்புகள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பரம்பரையை வைத்துப் பார்த்தால் அவை நம் நல்ல பாம்பைவிட டாஸ்மேனியாவின் புலிப்பாம்புக்கு நெருக்கமானவை. கடலுக்குத் தனியாக வேறு வழியில் போன கடல் கட்டுவிரியன்கள் முட்டையிடும் பழக்கத்தை விடவில்லை. அதனால் அவை இன்றும் முட்டையிடுவதற்காகத் தீவுகளின் பாறை இடுக்குகளுக்கு ஏறி வந்தாக வேண்டும். முட்டையா குட்டியா என்ற ஒரு வேறுபாடு ஒரு கூட்டத்துக்குப் பெருங்கடலைத் திறந்துவிட்டது, மற்றதைக் கரையோடு கட்டிப்போட்டது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் சிலிர்ப்பு அடங்குவதில்லை.

முட்டையிடும் பாம்புகள் எல்லாம் முட்டையைக் கைவிட்டுப் போய்விடுபவை என்றும் எண்ணிவிடாதீர்கள். சிட்னியைச் சுற்றி வாழும் வைர மலைப்பாம்பு, மலைப்பாம்புகளிலேயே மிகத் தெற்கே, மிகக் குளிர்ந்த இடத்தில் வாழ்வனவற்றில் ஒன்று. பெண் இலைச்சருகுகளுக்கு நடுவே முட்டையிட்டு, அவற்றைச் சுற்றி உடலைக் கூடுபோல் சுருட்டிக்கொள்ளும். பிறகு தசைகளைத் திரும்பத் திரும்பத் துடிக்கவைத்து, அந்தத் துடிப்பின் சூட்டால் முட்டைகளை 31 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருக்கும். குளிர்ரத்தம் என்று நாம் பெயர் சூட்டிய விலங்கு, கருவுக்காகச் சில வாரங்கள் தன் ரத்தத்தைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. காலையில் கொஞ்ச நேரம் வெளியே வந்து வெயிலில் காய்ந்து, அந்தச் சூட்டையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு முட்டைகளிடம் திரும்பும். ஒருமுறை ஒரு மூதாட்டியின் தோட்டத்துச் சருகுக் குவியலில் இப்படி ஒன்று இருப்பதாக அழைத்தார்கள். சருகை விலக்கிக் கையை அருகில் கொண்டுபோனேன். சுருள் முழுவதும் விக்கல் எடுப்பதுபோல் விட்டுவிட்டு அதிர்ந்தது. பிடிக்க வேண்டாம், மார்ச் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் தோட்டத்தில் அந்த மூலைக்குக் கயிறு கட்டிவிட்டார். அடைகாக்கும் காலம் முழுவதும் தாய் இரை எடுப்பதில்லை. முடிந்ததும் எலும்பும் தோலுமாக இருக்கும். ஆகவே அடுத்த ஆண்டே மறுபடி முட்டையிட முடியாது. இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி தேவைப்படும்.

அடைகாப்பதா, விட்டுப் போவதா என்பதை ஒரே இனத்துக்குள்ளேயே தாய் கணக்குப் பார்த்துச் செய்வதும் உண்டு. வடக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குக் கிழக்கே ஃபாக் அணையைச் சுற்றிய சதுப்பு நிலத்தில் நீர் மலைப்பாம்புகளைத் தாமஸ் மேட்சனும் ரிக் ஷைனும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சில பெண்கள் உடும்பு தோண்டிய வளைகளில் முட்டையிட்டன. அங்கே மண்ணே போதிய சூடு. தாய் விரைவில் கிளம்பிப்போய் இரை தின்று உடலைத் தேற்றிக்கொண்டது. வேறு சில, மரத்தின் அடிவேர்ப் பொந்துகளில் இட்டன. அங்கே சூடு போதாது. அந்தத் தாய்கள் கடைசிவரை சுருண்டு கிடந்தன, அதற்கு உடலால் விலையும் கொடுத்தன. அதே நிலத்தில் வாழும் கீல்பேக் என்ற சாதுவான நீர்ப்பாம்பில் இன்னொரு விஷயம் தெரிந்தது. அடையாளமிட்டு விடப்பட்ட பெண் குஞ்சுகள் வளர்ந்து பெரிதாகி, தங்கள் தாய் முட்டையிட்ட இடத்தின் அருகிலேயே தாங்களும் வந்து முட்டையிட்டன. பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருவது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

உங்கள் பகுதியில் கவலைப்பட வேண்டிய பாம்பு ஒன்று உண்டென்றால் அது கிழக்குப் பழுப்புப் பாம்பு. ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் மிகுதி அதன் கணக்கில்தான் வருகின்றன. அது முட்டையிடுவது, சராசரியாகப் பதினைந்து அளவில். பறவை முட்டைபோல் ஓடு இருக்காது. நனைத்த தோல்போல் வளையும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி முட்டை நாளடைவில் உப்பும். கான்கிரீட் பாவிய நடைபாதையின் அடியில், மண் சரிந்த குழியில், இப்படி ஒரு குவியலை எடுத்திருக்கிறேன். எடுக்கும்போது முட்டையைப் புரட்டாமல், கிடந்த வாக்கிலேயே வைக்க வேண்டும். கோழி முட்டையைத் திருப்புவதுபோல் திருப்பினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு மூச்சுத் திணறிச் சாகக்கூடும். குஞ்சு தன் வாயின் முனையிலுள்ள முட்டைப்பல்லால் தோலைக் கீறிக்கொண்டு வெளிவரும். கழுத்தில் கருப்புப் பட்டையும், சிலவற்றில் உடல் முழுக்க வளையங்களும் இருக்கும். தாயைப் போல அது கொஞ்சமும் இராது. வேறு இனம், தீங்கற்றது என்று நினைத்துக் கையில் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் விஷமும் தாயின் விஷம்போல் இல்லை. குஞ்சு பல்லிகளைத் தின்பதால் நரம்பைத் தாக்கும் விஷம் மேலோங்கியிருக்கும். வளர்ந்து எலி தின்னத் தொடங்கும்போது ரத்த உறைவைக் குலைக்கும் விஷம் சேர்ந்துவிடும். “குட்டிப் பாம்புக்கு விஷத்தை அடக்கத் தெரியாது, அதனால் பெரியதைவிட ஆபத்து” என்று சொல்வதை நம்பாதீர்கள். பெரியதிடம் விஷத்தின் அளவு பல மடங்கு. குட்டியிடமும் பிறந்த கணத்திலிருந்து விஷம் உண்டு என்பது மட்டும் மெய்.

இப்போது அக்டோபரில் நீங்கள் பார்த்த அந்தப் பிணையல். அது சோடி இல்லை. இரண்டும் ஆண்கள். வசந்தத்தில், அருகில் ஒரு பெண் இருக்கும்போது, இரண்டு ஆண் கரும்பாம்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, எதிராளியின் தலையைக் கீழே அழுத்தப் போராடும். சீறும், உருளும், சில வேளை தாங்கள் பார்க்கப்படுவதே தெரியாத அளவுக்கு மூழ்கிப்போகும். தோற்றது ஓடிவிடும். நம் ஊரில் சாரைப்பாம்புகள் பிணைவதைப் பார்த்துப் பக்தியோடு துணி போர்த்துவார்கள், அதுவும் இதே ஆண் மல்லுதான். உண்மையான இணைசேர்தலில் இவ்வளவு ஆரவாரம் இராது. ஆண் பெண்ணின் முதுகின்மேல் நீளமாகப் படிந்து, வாலை மட்டும் வாலோடு சேர்க்கும். அந்தப் பருவத்தில் ஆண் ஒரே நாளில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பெண்ணின் வாசனையைத் தேடி அலையும் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆக, நீங்கள் பார்த்த ஆண்களில் ஒன்று இந்தக் குட்டிகளின் தகப்பனாக இருக்கலாம். இரண்டுமே இல்லாமலும் போகலாம். எல்லா இனமும் இப்படி மல்லுக்கட்டுவதும் இல்லை. வைர மலைப்பாம்பின் ஆண்கள் பல ஒரே பெண்ணைச் சூழ்ந்து சண்டையின்றிக் காத்திருக்கும். அதே இனத்தின் வடக்குக் கிளையான கம்பள மலைப்பாம்பின் ஆண்கள் கடித்துக் குதறிக்கொள்ளும்.

தகப்பனே இல்லாமல் குட்டி பிறப்பதும் நடக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, முட்டையிடும் கடலோர டைபானிலும், குட்டி போடும் தெற்கு டெத் அடரிலும் ஆணின் பங்கே இல்லாமல் குட்டிகள் உருவானதை மரபணுச் சோதனையால் காட்டியது. நாகக் குடும்பத்தில் அப்படி உறுதியானது அதுவே முதல்முறை. இவை விதிவிலக்குகள். ஆண் இல்லாமையையே வாழ்க்கை முறையாகக் கொண்ட பாம்பும் ஒன்று உண்டு, அது நம் வீட்டுப் பூந்தொட்டியிலும் மழைக்காலத்தில் குளியலறை ஓரத்திலும் புழுபோல் நெளியும் புழுப்பாம்பு. அந்த இனத்தில் பெண்கள் மட்டுமே உண்டு. ஒன்று போதும், ஒரு கூட்டமே உருவாகிவிடும். செடித்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகெங்கும் போனது, டார்வினிலும் குடியேறிவிட்டது. பெண் பாம்புகளைப் பற்றி நாம் எவ்வளவு காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். ஆண் பாம்புக்கு இரட்டைக் குறி உண்டு என்பது நெடுங்காலமாகத் தெரியும். பெண் பாம்புக்கும் அதற்கு இணையான கிளிட்டோரிஸ் உறுப்பு உண்டு என்பதை, டெத் அடரில் தொடங்கி ஒன்பது இனங்களில் ஆராய்ந்து, மேகன் ஃபோல்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் முறையாக விவரித்தது 2022-இல்தான். அதுவரை யாரும் ஒழுங்காகத் தேடவில்லை.

எத்தனை குட்டி, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை வயதைவிட உடம்பில் சேர்ந்த கொழுப்பே முடிவு செய்கிறது. குயின்ஸ்லாந்தின் உள்நாட்டு டைபான், எலிகளில் செய்த சோதனைப்படி தரைப்பாம்புகளிலேயே கடுமையான விஷம் கொண்டது. நீளமயிர் எலி பெருகும் ஆண்டுகளில் செழித்து, எலி குறைந்தால் வாடும். டாஸ்மேனியாவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாஸ் நீரிணையிலுள்ள சாப்பல் மலைத் தீவில் புலிப்பாம்புகளுக்கு ஆண்டில் சில வாரங்கள்தான் பெருவிருந்து, கடற்பறவைக் குஞ்சுகள் விழுங்கும் அளவில் இருக்கும்வரை. அதை வைத்தே ஆண்டை ஓட்டும் அவை பெருநிலத்துப் புலிப்பாம்பைவிட மிகப் பெரிதாக வளர்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்னக் தீவில் கதை இன்னும் விசித்திரம். குஞ்சுகளைக் காக்கும் கடற்காகங்கள் கொத்தியதில் அங்குள்ள புலிப்பாம்புகள் பல பார்வை இழந்திருக்கின்றன. 1999-இல் வெளியான ஆய்வு, பார்வையற்றவை பார்வையுள்ளவற்றுக்குக் குறையாத உடல்நிலையோடு வளர்ந்து, உயிர் பிழைத்து, இணையும் சேர்ந்தன என்று கண்டது. ஓடிப் பிடிக்கத் தேவையில்லாத இரையும், நாக்கால் அறியும் வாசனையும் அவற்றுக்குப் போதுமானவையாக இருந்தன.

இனி உங்கள் கொல்லை. தாய் திரும்பி வந்து குட்டிகளை வளர்க்காது. பால் கொடுப்பது, இரை ஊட்டுவது, காவல் நிற்பது எதுவும் கரும்பாம்பிடம் கிடையாது. பழிவாங்கவும் வராது. பிறந்த ஓரிரு நாளில் குட்டிகள் தனித்தனியே பிரிந்துவிடும். ஆனால் அதே தகரம் அதே இடத்தில் அதே வெயிலில் கிடந்தால், இன்னொரு கோடையில் அதே பெண்ணோ வேறொரு பெண்ணோ அதைத் தேர்ந்தெடுக்க முழு வாய்ப்பு உண்டு. ஆகவே தகரத்தை அகற்றுங்கள். நீங்களே தூக்காதீர்கள், உரிமம் பெற்ற ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். புல்லைக் குட்டையாக வெட்டி, மகளுக்கு மூடிய காலணி போட்டுவிடுங்கள். பாம்பைக் கொல்ல நினைக்க வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. மேலும், கடிபடுவோரில் பலர் பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போனவர்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கழுவாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான மீள்துணியை இறுக்கமாகச் சுற்றி, மரச்சட்டம் வைத்துக் கட்டி, அசையாமல் படுக்கவைத்து அவசர உதவி எண் 000-ஐ அழையுங்கள். ஆஸ்திரேலியப் பாம்புகளின் விஷத்துக்காக உருவான முறை அது; விரியன் கடிக்கும் ஊரில் அதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஓடைக்கரையில் சிவப்பு வயிறு இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. 1935-இல் கரும்பு வயல் வண்டுகளைத் தின்ன குயின்ஸ்லாந்தில் இறக்கிவிடப்பட்ட நச்சுத்தேரையை விழுங்கி, வடக்கில் இந்த இனம் பல இடங்களில் செத்துக் குறைந்தது. தப்பியவற்றின் வழிவந்தவை இன்று தேரையைத் தொடுவதில்லை. அதன் நஞ்சை ஓரளவு தாங்கவும் செய்கின்றன. இத்தனை குறைந்த தலைமுறைகளில் ஒரு பாம்பினம் மாறியதைக் கண்ணெதிரே பார்த்த அரிய நிகழ்வு அது. நீங்கள் பார்த்த பன்னிரண்டில் பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டப்போவதில்லை. குக்காபராப் பறவை தூக்கிச் செல்லும், பூனை பிடிக்கும், பெரிய கரும்பாம்பே விழுங்கும். மிஞ்சும் ஒன்றிரண்டு இந்நேரம் ஓடையோரக் கற்களுக்கு அடியில் குட்டித் தவளைகளையும் அரணைகளையும் தேடிக்கொண்டிருக்கும்.